ஏறுன உடனே இஞ்சின் போனா என்னா ஆகும்? ராணுவ பிளேன் பத்தி நம்ம ஊரு ஆளுங்க கேட்ட கேள்விங்க

நான் மலேசிய ஆகாயப் படையில இஞ்சின் மெக்கானிக்கா இருந்து பென்ஷன் வாங்குனவன். பொறந்தது தோட்டத்து லயத்துல, இப்ப இருக்குறது புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தாமான்ல, அதாவது வீட்டுக் குடியிருப்புல. கோப்பிக்கடையில உக்காந்தா தலைக்கு மேல பிளேன் போறப்பல்லாம் யாராச்சும் இதையே ஆரம்பிக்கிறாங்க, கோயில்ல அன்னதான வரிசையில நிக்கிறப்பக்கூட விட மாட்டேங்குறாங்க. ஒரே கதைய நாப்பது தடவ சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரு தடவ உக்காந்து எழுதிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டுருக்கேன், பேரு மட்டும் போடல.

அண்ணே, மேடான்ல அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

2015 ஜூன் 30, நோன்பு மாசம். இந்தோனேசிய ஆகாயப் படையோட ஹெர்குலிஸ், அதாவது சி-130ங்குற நாலு இஞ்சின் டிரான்ஸ்போர்ட் பிளேன், மேடான் டவுனுக்கு நடுவுல இருக்குற சுவொண்டோ தளத்துலேர்ந்து தஞ்சோங் பினாங் போறதுக்கு ஏறுச்சு. ஏறி ரெண்டு நிமிஷம் இருக்கும், அவ்ளோதான். பைலட் டவர்காரங்ககிட்ட பிளேன்ல கோளாறு இருக்கு, திரும்பி வரணும்னு சொன்னாரு, திரும்ப முடியல, ஜாலான் ஜாமின் கிந்திங்ல கட்டடங்க மேல விழுந்து தீப்புடிச்சிருச்சு. உள்ள இருந்த 122 பேர்ல ஒருத்தர்கூட மிஞ்சல, கீழ இருந்தவங்களையும் சேத்தா 139 பேர். 4ஆம் நம்பர் இஞ்சினு, அதாவது வலது பக்கம் கடைசில இருக்குறது, அதோட புரொப்பல்லர்ல கோளாறு, பிளேன் தாழ்ந்து போயி ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆண்டெனாவுல இடிச்சிருச்சுன்னு அவுங்க படைத் தரப்புல சொன்னாங்க.

மேடான் நமக்கு தூரத்து ஊரு இல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் அவ்ளோதான். நம்ம தாத்தாங்க ரப்பர் தோட்டத்துக்கு கப்பலேறி இங்க வந்த மாதிரி டெலி புகையிலை தோட்டத்துக்குன்னு அங்க போன தமிழங்களும் இருக்காங்க, 1884ல கட்டுன மாரியம்மன் கோயில் இன்னிக்கும் அங்க நிக்குது. அன்னிக்கு செய்தி வந்ததும் எங்க பக்கத்து வீட்டு அக்கா மொதல்ல கேட்டது, கோயில் பக்கமா விழுந்துச்சுன்னுதான். இல்ல, அது வேற இடம்.

நாலு இஞ்சின்ல ஒண்ணு போனா மூணு பாக்கி இருக்கே, அப்பறம் ஏன் விழணும்?

இதான் எல்லாரும் கேக்குறது, இதுக்குத்தான் நானும் நெறைய எழுதணும். பறக்குறதுக்கு மூணு போதும். நல்ல ஒசரத்துல போயிட்டிருக்குறப்ப ஹெர்குலிஸ் ஒரு இஞ்சின் இல்லாம சாவகாசமா வீடு வந்து சேரும், நான் பாத்துருக்கேன், உள்ள இருந்தவங்க இறங்குனப்பறம்தான் ஒண்ணு நின்னதே தெரியும்னாங்க. ஏறுற நேரத்துல மட்டும் கதை வேற. அப்ப வேகம் கம்மி, ஒசரம் கெடையாது, டேங்குல எண்ணெய் ஃபுல்லா இருக்கும், சாமான் இருக்கும், ஆளுங்க இருப்பாங்க, எல்லா இஞ்சினும் முழு பவர்ல இழுத்துக்கிட்டு இருக்கும்.

என் தாத்தா தோட்டத்துல மாட்டு வண்டி ஓட்டுனவரு. ரெட்ட மாடு. மேட்டுல ஏறுறப்ப ஒரு மாடு பொத்துன்னு படுத்துக்கிச்சுன்னா வண்டி மெதுவா போகும்னு நெனைக்கிறீங்களா? இல்ல, படுத்த மாட்டுப் பக்கமா சுத்திக்கும், ஏன்னா இன்னொன்னு இன்னும் இழுக்குதுல்ல. பிளேனும் அப்படித்தான். வலது கடைசி இஞ்சின் போனா இடது பக்கம் ரெண்டும் முழு மூச்சா இழுக்கும், மூக்கு வலது பக்கமா திரும்பும். அதுவும் கடைசில இருக்குற இஞ்சின் ஒடம்புலேர்ந்து தள்ளி இருக்குறதால இழுப்பு இன்னும் ஜாஸ்தி. இதை நேராக்க பைலட் கால்ல ரடரை மிதிக்கணும், வால்ல நட்டுக்க நிக்குற அந்தப் பலகைதான் ரடரு. ஆனா அது காத்து வேகமா அடிச்சாத்தான் வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு கீழ போயிட்டா எவ்ளோ மிதிச்சாலும் பத்தாது, பிளேன் ஒருக்களிச்சு விழும். நல்லா ஓடுற பக்கத்து இஞ்சின் பவரே அப்ப உங்களுக்கு எதிரி.

அதனால என்கிட்ட இஞ்சின் நின்னதால விழுந்துச்சான்னு கேட்டா நான் உடனே ஆமான்னு தலையாட்ட மாட்டேன். நின்னப்பறம் அடுத்த நிமிஷத்துல என்ன நடந்துச்சு, அதைக் கேளுங்க.

புரொப்பல்லர் கோளாறும் இஞ்சின் கோளாறும் ஒண்ணுதானே?

இல்லீங்க. ஹெர்குலிஸ் புரொப்பல்லரு நாலு மீட்டருக்கு மேல அகலம், பழைய மாடல்ல நாலு பிளேடு, ஒவ்வொண்ணும் என் ஒசரத்துக்கு மேல இருக்கும். அது பறக்குறப்ப எப்பவும் ஒரே வேகத்துலதான் சுத்தும், நிமிஷத்துக்கு 1020 சுத்து. பைலட் பவர் கூட்டுனா வேகமா சுத்தாது, பிளேடு தன்னைத்தானே சாய்ச்சுக்கிட்டு காத்தை அதிகமா அள்ளும். அந்த சாய்க்குற மிஷினரி கெட்டுப்போச்சுன்னா இஞ்சின் நல்லாவே இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

இஞ்சின் நின்னுட்டா உடனே பிளேடை காத்துக்கு ஓரமா திருப்பணும், அதுக்கு ஃபெதர் பண்றதுன்னு பேரு. என் வீட்டுக்காரம்மா ஒரு தடவ பசார் மாலாம்ல முறம் வாங்குனாங்க, மோட்டர் பின்னால உக்காந்து மடியில நிமுத்தி புடிச்சுக்கிட்டு வந்தாங்க. நான் கொஞ்சம் முறுக்குனதும் முறம் காத்தை வாங்கி ரெண்டு பேரையும் பின்னால தள்ளுச்சு பாருங்க, வண்டியே ஆடிப்போச்சு. "படுக்க வை படுக்க வை"ன்னு கத்துனேன். படுக்க வச்சதும் ஒண்ணும் இல்ல. முறம் அதே முறம்தான். ஃபெதர் ஆகாத புரொப்பல்லரு அந்த நிமுத்துன முறம், மாட்டுக் கதையில சொன்னா மாடு படுத்தது மட்டும் இல்ல, காலை ஊனிக்கிட்டு பின்னால இழுக்குது.

அதுக்குன்னு ஹெர்குலிஸ்ல தானா வேலை செய்யுற ஒரு காவல் இருக்கு, காத்து புரொப்பல்லரை சுத்தி புரொப்பல்லரு இஞ்சினை சுத்த ஆரம்பிச்சா அது தெரிஞ்சுக்கிட்டு பிளேடை திருப்பி இழுப்பை கொறைக்கும். முழுசா ஃபெதர் பண்ண ஆளு லீவரை இழுக்கணும். நாங்க கிரவுண்டுல இதை டெஸ்ட் பண்ணாம பிளேனை விட மாட்டோம், விடியக்காலையில அந்த பிளேடு மெல்ல திரும்புறதை பாக்க அவ்ளோ அழகா இருக்கும்.

தாத்தா, கோளாறுன்னு தெரிஞ்சதும் பின்னால திரும்பி வந்து இறங்கிட வேண்டியதுதானே?

இது பக்கத்து வீட்டு பையன் கேட்டது, அஞ்சாம் வகுப்பு. திரும்புறதுக்கு பிளேன் சாயணும், சாஞ்சா தூக்குற சக்தி கொறையும், அதை ஈடு கட்ட வேகம் வேணும், அந்த வேகம்தான் நம்மகிட்ட இல்லையே தம்பி. மொதல்ல நேரா போகணும், வேகம் புடிக்கணும், கொஞ்சம் ஒசரம் ஏறணும், அப்பறம் பெரிய வட்டமா, நல்ல இஞ்சின் இருக்குற பக்கமா திரும்பி வரணும். செத்த இஞ்சின் பக்கமா திரும்பக்கூடாதுன்னு சும்மா சொல்லல.

அப்படி திரும்புனா என்ன ஆகும்னு உதாரணம் இருக்கா?

இருக்கு, ரொம்ப தெளிவா இருக்கு. 2018 மே 2, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் சவன்னா. போர்ட்டோ ரிக்கோ படைப்பிரிவோட பழைய ஹெர்குலிஸ், 50 வயசுக்கு மேல, கடைசிப் பயணமா அரிசோனாவுல பழைய பிளேனுங்களை நிறுத்தி வைக்கிற எடத்துக்கு போகுது. ரிட்டையர் ஆகப்போற பிளேனு. ஓடுபாதையில ஓடுறப்பவே 1ஆம் நம்பர் இஞ்சின், இடது பக்கம் கடைசி, அதோட சுத்து கொறைஞ்சுக்கிட்டே போச்சு, பிளேன் பாதைய விட்டு விலகப் பாத்துச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. ஏறிட்டாங்க. சுமார் 900 அடி வரைக்கும் போச்சு, அந்த ஒசரம் நம்ம செம்பனை மரம் பத்துப் பதினஞ்சு அடுக்குனா வரும், அவ்ளோதான். செத்த இஞ்சின் பக்கமா, இடது பக்கமா திரும்புனாங்க, அதுல ரடரையும் இடது பக்கமே மிதிச்சதால இடது எறக்கை தூக்குற சக்தி இழந்து பிளேன் ரோட்டுல வந்து விழுந்துச்சு. 21ஆம் நம்பர் ஹைவே, கார் ஓடுற ரோடு. 9 பேர், அத்தனை பேரும் பிளேன்ல இருந்தவங்க.

விசாரணை அறிக்கையில மெக்கானிக் பக்கமும் தப்பு சொல்லியிருந்தாங்க. சவன்னாவுக்கு வர்றப்பவே அதே இஞ்சின்ல சுத்து சரியில்ல, பாத்தாங்க, சரியா கண்டுபுடிக்காமயே ஓகேன்னு விட்டுட்டாங்க. இதை படிச்சப்ப எனக்கு வயித்தை கலக்குச்சு, ஏன்னா "டெஸ்ட் பண்ணேன், நல்லாத்தான் இருக்கு"ன்னு கையெழுத்து போடுற கை எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். கோளாறு கெரவுண்டுல காட்டாது, மேல போனாத்தான் காட்டும், கீழ நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டு மீட்டர்ல முள்ளு சரியா நின்னா நீங்க என்ன எழுதுவீங்க? முள்ளு நின்ன எடம் போதுமான்னு இன்னொரு தடவ மேனுவல்ல பாக்கணும். அதுக்கு சோம்பல் படக்கூடாது.

எல்லாம் பழைய பிளேன்னாலதான்னு சொல்றாங்களே?

பாதி சரி. மேடான்ல விழுந்தது 1964ல வந்தது, 51 வருஷம். அதுக்கப்பறம் ஜொக்கோவி, அப்ப அவருதான் அதிபர், படைங்களோட பழைய சாமானை எல்லாம் திரும்பிப் பாக்கணும்னு சொன்னாரு. ஆனா பழசு வேற, பராமரிக்காதது வேற. நம்ம ஊருலயே 30 வருஷ ஹோண்டா கப்பு ஓடுது, அஞ்சு வருஷ கார் பட்டறையில கெடக்குது. ஹெர்குலிஸ் மொத மொதல்ல பறந்தது 1954, இன்னிக்கும் புது மாடல் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம ஆகாயப் படைக்கு 1976ல வந்துச்சு. வயசுக்கு ஏத்த மாதிரி பார்ட்ஸ் மாத்தணும், அதுக்கு காசு வேணும், பார்ட்ஸ் கெடைக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லாத நாடுங்கதான் மாட்டிக்குது.

புது பிளேன்னா பயம் இல்லையா அப்ப?

யாரு சொன்னா. அதே 2015, மே 9, ஸ்பெயின்ல செவில். ஏ400எம், ஐரோப்பாக்காரங்களோட புத்தம் புது ராணுவ பிளேன், துருக்கிக்கு குடுக்கப் போறது, மொத டெஸ்ட் பறப்பு. பெயிண்ட் வாசனைகூட போயிருக்காது. ஏறுன கொஞ்ச நேரத்துல நாலுல மூணு இஞ்சின் பைலட் பேச்சை கேக்கல. முழு பவர்லயே சிக்கிக்கிச்சு, கொறைக்கப் பாத்ததும் ஒரேயடியா அடியில போய் உக்காந்துக்கிச்சு, திரும்ப ஏறவே இல்ல. கரண்டு டவர்ல இடிச்சு விழுந்துச்சு, 6 பேர்ல 4 பேர் செத்துட்டாங்க, 2 பேர் பலத்த காயத்தோட பொழைச்சாங்க.

காரணம் என்னன்னா சாஃப்ட்வேர். இஞ்சின் எவ்ளோ முறுக்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்கு போடறதுக்கு வேண்டிய எண்ணுங்க மூணு இஞ்சினுக்கும் அழிஞ்சு போயிருந்துச்சு, சாஃப்ட்வேர் போடுறப்பவே. பைலட்டுக்கு எச்சரிக்கை லைட்டு 400 அடி ஏறுனப்பறம்தான் வரும்னு டிசைன். இரும்பு ஒடையல, பெல்ட் அறுந்து போகல, ஒரு ஃபைல் காணோம், நாலு பேரு போயிட்டாங்க. எங்க காலத்து ஆளுங்க இஞ்சின்ல காதை வச்சு கோளாறு சொல்லுவோம், இதை எந்தக் காதை வச்சு கேக்குறது?

நமக்கு இதுல சம்பந்தம் இருக்கு. ஐரோப்பாக்காரங்களுக்கு வெளிய ஏ400எம் வாங்குன மொத நாடு மலேசியாதான், நாலு பிளேன், மொதலாவது அந்த விபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி 2015 மார்ச்லதான் வந்துருந்துச்சு. செவில் சேதி வந்ததும் நம்மாளுங்களும் அதை பறக்க விடாம நிறுத்தி வச்சாங்க.

நம்ம கோலசிலாங்கூர்லயே ஒண்ணு விழுந்துச்சே, அதுல எப்படி எல்லாரும் பொழைச்சாங்க?

2016 பிப்ரவரி 26, காலை நேரம். நம்ம ஆகாயப் படையோட சிஎன்-235, ரெண்டு இஞ்சின் வச்ச சின்ன டிரான்ஸ்போர்ட். இஞ்சின் கோளாறு, ஓடுபாதைக்கு போய் சேர முடியாதுன்னு ஆனதும் பைலட் கடலோரம் பாக்காவ் காட்டு, அதான் அலையாத்திக் காட்டு, சேத்துல இறக்கிட்டாரு. அப்பறம் தீப்புடிச்சிச்சு, ஆனா உள்ள இருந்த 8 பேரும் உசுரோட வெளிய வந்துட்டாங்க. நானும் கேள்விப்பட்டு மோட்டரை எடுத்துக்கிட்டு போனேன், போலீஸ் ரோட்டை மறிச்சிட்டாங்க, தீயணைக்கிற போம்பா வண்டிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா போறதை பாத்துட்டு அங்கேயே ஒரு ஸ்டால்ல தே ஓ குடிச்சிட்டு வந்தேன்.

ஏன் பொழைச்சாங்கன்னா, பிளேன் கட்டுப்பாட்டுல இருக்குறப்பவே இறங்குனாங்க. எறக்கை நேரா, வேகம் கையில, கீழ சேறு. தளத்துக்கே போயிடலாம்னு மூக்கை தூக்கி புடிச்சுக்கிட்டே இருந்தா மேடான் மாதிரி ஆகியிருக்கலாம். பிளேன் போனா போகட்டும், ஆளு முக்கியம்னு முடிவு எடுக்க சில நொடிதான் கெடைக்கும். அந்த பைலட்டுக்கு நான் ஒரு சலாம் வைப்பேன்.

ஆனா அன்னிக்கு உசுரு போகலன்னு சொல்லாதீங்க. உதவி செய்யப் போன ஒரு மீனவர் தண்ணியில மூழ்கி இறந்துட்டாரு. கோப்பிக்கடையில இந்த கதைய சொல்றவங்க எல்லாம் எட்டு பேரும் தப்பிச்சாங்கன்னு கைதட்டி முடிச்சிடுறாங்க, அவரை சொல்றதே இல்ல.

பாரசூட் போட்டு குதிச்சிருக்கலாமே?

முடியாதுங்க. எல்லாருக்கும் பாரசூட் இருக்காது, இருந்தாலும் மாட்டவே நேரம் இல்ல, அந்த ஒசரத்துல விரியறதுக்குள்ள தரை வந்துரும்.

மேடான்ல பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் இருந்தாங்களாமே, ராணுவ பிளேன்ல அவுங்களுக்கு என்ன வேலை?

இந்தோனேசியா பூரா தீவு. ஒரு சோல்ஜருக்கு தூரத்து தீவுல போஸ்டிங் குடுத்தா பொண்டாட்டி புள்ளைங்க எப்படி போறது? டிக்கெட் வெலை ஜாஸ்தி, சில எடத்துக்கு பிளேனே எப்பவாச்சும்தான். காலியா போற ஹெர்குலிஸ்ல குடும்பத்தை ஏத்திக்குவாங்க, அங்க ரொம்ப காலமா இருக்குற பழக்கம். காசு வாங்கிட்டு வெளியாளுங்களையும் ஏத்துனாங்கன்னு அப்ப பெரிய பேச்சு கெளம்புச்சு, விசாரிக்கிறோம்னு படைத்தலைமையும் சொன்னாங்க. உள்ள சீட்டுன்னு நெனைக்காதீங்க, சைடுல வலைபின்னுன துணி பெஞ்சு, சத்தத்துல பக்கத்து ஆளு பேசுறது கேக்காது. என் மக சின்னதுல ஒரு தடவ குடும்ப தினத்துல ஏறிப் பாத்துட்டு "அப்பா, இது லோரிதானே"ன்னு கேட்டுச்சு. லோரிதான். லோரிக்கு எறக்கை வச்சது.

ஒரே ஊருல ரெண்டு தடவ நடந்துச்சுங்குறது நெசமா?

நெசம், அதுவும் ஒரே ரோட்டுல. 2005 செப்டம்பர் 5, மண்டாலா ஏர்லைன்ஸ் போயிங் 737, அதே ஓடுபாதையிலேர்ந்து கெளம்பி ஏற முடியாம அதே ஜாலான் ஜாமின் கிந்திங்ல வீடுங்க மேல விழுந்துச்சு, 149 பேர், அதுல 49 பேர் கீழ இருந்த ஜனங்க. அது இஞ்சின் கோளாறு இல்ல, ஏறுறப்ப தூக்குற சக்திக்காக எறக்கைக்கு பின்னால இறக்குற பலகை, அதான் ஃபிளாப்பு, அதை சரியா இறக்காம கெளம்பிட்டாங்க. அந்த எடம் அப்ப பொலோனியா ஏர்போர்ட், ஒரு காலத்துல டவுனுக்கு வெளிய இருந்தது, டவுன் வளந்து வளந்து ஓடுபாதைய சுத்தி வளைச்சிருச்சு. 2013ல பயணிங்க ஏர்போர்ட்டை குவாலாநாமுவுக்கு மாத்திட்டாங்க, ராணுவம் மட்டும் அங்கேயே இருந்துச்சு.

ஜகார்த்தாவுலயும் இதே கதை, 1991 அக்டோபர் 5, ராணுவ தினத்துக்கு அணிவகுத்துட்டு ஊரு திரும்புன சோல்ஜருங்களை ஏத்திக்கிட்டு ஹாலிம் தளத்துலேர்ந்து கெளம்புன ஹெர்குலிஸ், இஞ்சின்ல தீ, கொண்டெட் பக்கம் விழுந்து 135 பேர். ஏறுன உடனே கோளாறு வந்தா பைலட்டுக்கு வெட்டவெளி வேணும். வயக்காடு, செம்பனைக் காடு, கடல், எதுவா இருந்தாலும் சரி. சுத்தி வீடா இருந்தா எங்க இறக்குறது? நம்ம பக்கம் தோட்டத்தை வித்து வித்து தாமானா கட்டிக்கிட்டே போறாங்கல்ல, எனக்கு அதையும் இதையும் சேத்துத்தான் பாக்கத் தோணுது.

பறவை மோதி இஞ்சின் போகுமா?

போகும், ஆனா நான் மேல சொன்ன எதுவும் பறவையால இல்ல.

நம்ம கண்ணு முன்னால ஒண்ணு விழுந்துட்டா என்ன செய்யணும் தம்பி?

இது கோயில்ல பூ கட்டுற அம்மா கேட்டது. மொதல்ல 999, எடம் தெளிவா சொல்லுங்க, எந்த தோட்டம் எத்தனாவது பிளாக்குன்னு சொல்ற ஆளு அந்த நேரத்துல தங்கம். தீ எரியுதுன்னா காத்து புகைய அடிச்சுக்கிட்டு போற பக்கத்துல நிக்காதீங்க, எண்ணெய் கசிஞ்சு சாக்கடையில ஓடி தூரத்துலயும் பத்திக்கும், சிகரெட்டை கீழ போடுங்க. செதறுன துண்டை வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, இரும்புக் கடைக்கும் போடாதீங்க, ஒவ்வொரு துண்டும் எங்க விழுந்துச்சுன்னு வச்சுத்தான் விசாரணைக்காரங்க கணக்கே போடுவாங்க. ஒரு பிளேடு எந்த கோணத்துல வளைஞ்சிருக்குன்னு பாத்தே அது ஃபெதர் ஆகியிருந்துச்சா, பவரோட சுத்திக்கிட்டு இருந்துச்சான்னு சொல்லிடுவாங்க. செத்தவங்களை போன்ல படம் புடிக்காதீங்கன்னு நான் சொல்லணுமா, சொல்றேன்.

அண்ணே, ஹெர்குலிஸ் போறப்ப நீங்க ஏன் பேச்சை நிறுத்திட்டு மேல பாக்குறீங்க?

காதுதான், கண்ணு இல்ல. நாலு புரொப்பல்லரும் ஒரே வேகத்துல ஒரே சீரா சுத்துறதுக்குன்னு உள்ள ஒரு கருவி இருக்கு. அது சரியா இருந்தா சத்தம் ஒரே கோடா போகும். ஒண்ணு கொஞ்சம் விலகுனாலும் வூம்... வூம்... வூம்னு அலை மாதிரி ஏறி எறங்கும். அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல, பைலட் ஒரு பட்டனை தட்டுனா சரியாயிடும். சரியாகுற வரைக்கும் என் தே தாரே ஆறிடும், அவ்ளோதான்.